ஆர்.வி. பயணத்தில் சாட்டிலைட் டி.வி.: எங்கே நிறுத்தினாலும் படம் வருமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். நீங்கள் ஹூஸ்டனில் இருக்கிறீர்கள். பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் வீடு, அதுவும் ஆர்.வி. வகைதான். இந்தக் கோடையில் மாமனார் மாமியாரையும் கூட்டிக்கொண்டு சியாட்டில் பக்கம் போவதாகவும், அடுத்த வருடம் மெய்ன் மாநிலத்தில் அக்கேடியா தேசியப் பூங்கா வரை போவதாகவும் திட்டம். தானே சாட்டிலைட்டைத் தேடிப் பிடிக்கும் டோம் ஆன்டெனா ஒன்றை நண்பர் கொடுத்திருக்கிறார். வீட்டு வாசலில் வைத்தபோது படம் வந்தது. முதல் கேம்ப்கிரவுண்டில் வைத்தால் உறுமிக்கொண்டே சுற்றிச் சுற்றித் தேடிவிட்டுக் கடைசியில் நின்றுவிட்டது. எங்கே நிறுத்தினாலும் வேலை செய்கிற டிஷ் எது, அதை வாங்கிக்கொள்கிறேன் என்கிறீர்கள். அப்படி ஒரு டிஷ் கிடையாது. உங்கள் டோம் பழுதாகியிருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்திலிருந்து சாட்டிலைட் தெரிந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீடுகளுக்கு டிஷ் பொருத்தும் வேலையைச் சில வருடங்கள் செய்திருக்கிறேன், பிறகு சொந்த டிரெய்லரிலும் இதே கூத்துதான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

சந்தேகத்துக்கே இடமில்லாத விஷயத்திலிருந்து தொடங்கலாம். இந்த டி.வி. சாட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுகின்றன. அதனால் நமக்கு அவை வானத்தில் ஒரே புள்ளியில் நிற்கின்றன. அமெரிக்காவில் எங்கே நின்றாலும் அந்தப் புள்ளி தெற்குப் பக்க வானத்தில்தான் இருக்கும். தென்கிழக்கா, நேர் தெற்கா, தென்மேற்கா, எவ்வளவு உயரத்தில் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு சாட்டிலைட்டையும் அது நிற்கும் தீர்க்கரேகையைக் கொண்டே அழைப்பார்கள்: 119 என்றால் மேற்கு 119 டிகிரிக்கு மேல் நிற்பது. உங்கள் ஹூஸ்டன் வாசலிலிருந்து 119-ஐப் பார்க்க, தென்மேற்கே திரும்பி, தொடுவானத்திலிருந்து சுமார் 47 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். சியாட்டிலில் அதே சாட்டிலைட் ஏறக்குறைய நேர் தெற்கே, 35 டிகிரி உயரத்தில். அக்கேடியாவிலோ மேற்குத் தென்மேற்கில், வெறும் 19 டிகிரியில் தாழ்ந்து கிடக்கும்.

இந்த எண்களை மரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம் புரியும். டிஷ்ஷின் மட்டத்திலிருந்து 50 அடி உயர மரம் ஒன்று சாட்டிலைட் இருக்கும் திசையில் நிற்கிறது என்று வையுங்கள். ஹூஸ்டனில் டிஷ்ஷை அந்த மரத்திலிருந்து 47 அடி தள்ளி வைத்தால் சாட்டிலைட் மரத்தின் உச்சியை உரசிக்கொண்டு தெரியும். சியாட்டிலில் 71 அடி தள்ள வேண்டும். அக்கேடியாவில் 119-ஐப் பிடிக்கப் பார்த்தால் 145 அடி. அவ்வளவு திறந்தவெளி கேம்ப்கிரவுண்டில் யாருக்குக் கிடைக்கும்? இவை உச்சியை உரசும் கணக்குதான், இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி வைத்தால்தான் நிம்மதி. இலைகள் ஈரத்தோடு இருப்பவை, இந்த அலைவரிசையை நன்றாகவே விழுங்கிவிடும். ஒரே ஒரு கிளை குறுக்கே வந்தாலும் படம் கட்டம் கட்டமாக உடையும். காற்று அடிக்கும்போது மட்டும் உடைகிறது என்றால் குற்றவாளி கிளைதான், வேறெங்கும் தேட வேண்டாம். டிரெய்லரின் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் டிஷ்ஷை வைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு, அது வீண் வேலை.

ஆகவே நிறுத்துவதற்கு முன்பே வானத்தைப் பாருங்கள். போனின் கேமரா வழியாக வானத்தில் சாட்டிலைட் இருக்கும் இடத்தைப் புள்ளியாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, டிஷ் வைக்கப் போகிற இடத்தில் குனிந்து, டிஷ்ஷின் உயரத்திலிருந்தே பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் வேலியோ பக்கத்து ஆர்.வி.யோ மறைப்பது தெரியாது. செயலி இல்லையென்றால் கையை நீட்டி முஷ்டி பிடியுங்கள்: முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. தொடுவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டியாக அடுக்கிக்கொண்டே போனால் 35 டிகிரி எங்கே என்று தோராயமாகத் தெரிந்துவிடும். இடம் முன்பதிவு செய்யும்போதே தெற்குப் பக்கம் திறந்திருக்கும் மனை வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகளில் இந்தக் கேள்வி புதிதல்ல, எந்த வரிசையில் எல்லோரும் டிஷ் வைக்கிறார்கள் என்று அவர்களே சொல்வார்கள்.

இங்கேதான் கையில் எடுத்துப் போகும் டிஷ்ஷுக்கும் கூரையில் நிரந்தரமாகப் பொருத்திய டிஷ்ஷுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் வருகிறது. கோடையில் டிரெய்லரை மரநிழலில் நிறுத்தத்தான் மனம் வரும், ஏ.சி.க்கும் அது நல்லது. கூரையில் டிஷ் இருந்தால் நிழலா டி.வி.யா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். தரையில் வைக்கும் டிஷ் என்றால் வண்டி நிழலில் நிற்கட்டும், டிஷ் மட்டும் கேபிளோடு வெயிலுக்குப் போய்விடும். கூரை டிஷ் சுகமானதுதான், மழையில் இறங்க வேண்டாம், யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். ஆனாலும் உங்கள் பயணத்துக்குக் கையில் எடுத்துப் போவதே சரி என்பது என் கருத்து.

அடுத்து, எந்த நிறுவனத்தின் சேவை என்பது. பலர் ஆன்டெனாவை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் சந்தாவைப் பற்றி யோசிக்கிறார்கள், வரிசை தலைகீழ். டிஷ் நெட்வொர்க்கின் எச்.டி. ஒளிபரப்பு கேயு பேண்ட் எனப்படும் 12.2 முதல் 12.7 கிகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் வருகிறது. சின்ன டோம் ஆன்டெனாக்கள் அதை வாங்கிவிடும். டைரக்ட் டி.வி.யின் எச்.டி. அலைவரிசைகளோ 99, 103 ஆகிய இடங்களில் நிற்கும் சாட்டிலைட்டுகளிலிருந்து, அதைவிட உயர்ந்த கேஏ பேண்டில் வருகின்றன. கையில் தூக்கிப் போகும் டோம்கள் கேஏ பேண்டை வாங்காது. டைரக்ட் டி.வி.யில் எச்.டி. வேண்டுமென்றால் வீட்டுக் கூரைகளில் பார்க்கிற அந்த அகன்ற ஸ்லிம்லைன் டிஷ்ஷை முக்காலியில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதிர்வெண் கூடக் கூட டிஷ்ஷின் கற்றை, அதாவது அது சிக்னல் வாங்கும் கோண அகலம், ஒடுங்கும், அதனால் குறி இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் அந்தப் பாட்டைப் படலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாறுகிற உங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நண்பரின் டோம் எந்த நிறுவனத்துக்கானது என்று அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள். சில மாடல்களில் உள்ளே இருக்கும் குட்டி சுவிட்சுகளை மாற்றி வைத்தால் வேறு நிறுவனத்துக்கு மாறும். யாராவது கைவைத்து அவை மாறியிருந்தால், டோம் இல்லாத சாட்டிலைட்டைத் தேடிக்கொண்டே இருக்கும்.

டிஷ் நெட்வொர்க்கிலேயே இரண்டு கூட்டங்கள் உண்டு. மேற்கு வளைவு என்பது 110, 119, 129 ஆகியவை. கிழக்கு வளைவில் 61.5, 72.7 போன்றவை. பெரும்பாலான டோம்கள் மேற்கு வளைவையே முதலில் தேடும்படி வருகின்றன. டெக்ஸாஸ், வாஷிங்டன் மாநிலங்களுக்கு அது பொருத்தமே. அக்கேடியாவில் நிலைமை வேறு: 129 அங்கே வெறும் 12 டிகிரியில் இருக்கிறது, அதாவது முஷ்டி ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் 61.5 அங்கே தெற்கே 38 டிகிரியில் நன்றாக நிமிர்ந்து நிற்கிறது. சியாட்டிலிலிருந்து அந்த 61.5-ஐத் தேடினால் 11 டிகிரிக்குக்கூட எட்டாது. நாட்டின் இரண்டு மூலைகளுக்கும் ஒரே அமைப்பு ஏன் சரிவராது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். உங்கள் டோமை கிழக்கு வளைவுக்கு மாற்ற முடியுமா என்பதை அக்கேடியா போவதற்கு முன்னால் கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மாடலிலும் முடியாது.

டோமா, முக்காலி டிஷ்ஷா? டோமுக்குள் இருப்பதும் ஒரு சின்ன டிஷ்தான், மோட்டாரில் திரும்புகிறது. சமமான தரையில் வைத்து, கேபிளைச் செருகி, ரிசீவரை (செட்-டாப் பாக்ஸை) இயக்கினால் தானே தேடிக்கொள்ளும். தேடும்போது அதைத் தொடவோ நகர்த்தவோ கூடாது, நகர்த்தினால் தேடல் முதலிலிருந்து. அதன் பலவீனங்கள் இரண்டு. டிஷ் சிறியது என்பதால் மழையில் சீக்கிரம் கைவிடும். அதோடு ஒரு நேரத்தில் ஒரு சாட்டிலைட்டைத்தான் பார்க்கும். நீங்கள் 119-இல் வரும் சேனலிலிருந்து 129-இல் வரும் சேனலுக்கு மாறினால் உள்ளே டிஷ் திரும்பிப் போய்ப் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். டிரெய்லரில் இரண்டு டி.வி. வைத்து, மாமனார் ஒன்று, குழந்தைகள் ஒன்று என்று வெவ்வேறு சாட்டிலைட் சேனல்களைப் பார்க்க முடியாது. இதில் சண்டை வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். முக்காலியில் நிற்கும், மூன்று எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் சிக்னலை வாங்கும் கருவி) உள்ள டிஷ் 110, 119, 129 மூன்றையும் ஒரே சமயத்தில் பார்க்கும், மழையையும் கொஞ்சம் கூடத் தாங்கும். ஆனால் குறிவைக்கும் வேலை முழுக்க உங்களுடையது. தினமும் இடம் மாறுகிறவர்களுக்கு டோம், வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு முக்காலி என்பதே நான் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்திருப்பது.

முக்காலி பக்கம் போவதாக இருந்தால், பாதிப் பேர் தோற்கிற இடம் ஒன்று உண்டு: நடுக்கம்பம் நேர்செங்குத்தாக நிற்காதது. டிஷ்ஷின் பின்னால் உயரக் கோணம் பொறித்த அளவுகோல் இருக்கும். கம்பம் செங்குத்தாக நின்றால்தான் அந்த எண் உண்மை. கம்பம் 5 டிகிரி சாய்ந்திருந்தால், நீங்கள் டிஷ்ஷைத் திருப்பத் திருப்ப உயரக் கோணமும் தானாக மாறிக்கொண்டே போகும். வாழ்நாள் முழுக்கத் தேடலாம். ஒரு குமிழ்மட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து, முக்காலியின் கால்களைச் சரிசெய்து, காலுக்கு ஆணி அடித்து அல்லது நடுவில் தண்ணீர் கேன் ஒன்றைத் தொங்கவிட்டு, அப்புறம் டிஷ்ஷைத் தொடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர்கள்தான் ஒரு மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

அப்புறம் மூன்று எண்கள். ரிசீவரின் டிஷ் அமைப்புத் திரையில் அந்த ஊரின் ஜிப் கோடைக் கொடுத்தால் உயரக் கோணம், திசைக் கோணம், சாய்வு மூன்றையும் காட்டும். அந்தத் திரையில் எலிவேஷன், அசிமுத், ஸ்கியூ என்று இருக்கும். உயரத்தையும் சாய்வையும் முதலிலேயே வைத்து இறுக்கிவிடுங்கள். சாய்வு என்பது பல எல்.என்.பி. உள்ள டிஷ்ஷுக்குத்தான் தேவை, ஏனென்றால் மூன்று சாட்டிலைட்டும் வானத்தில் ஒரு வளைகோட்டில் சாய்ந்து நிற்கின்றன. ஒற்றை எல்.என்.பி. வட்டத் தட்டுக்கு அது வேண்டியதில்லை, இந்த இரண்டு நிறுவனங்களின் கேயு பேண்ட் அலைகளும் வட்டமுனைவு கொண்டவை, அதாவது சுழன்றபடியே வருபவை. மிச்சம் இருப்பது திசை மட்டுமே. அதை மட்டும்தான் கையால் தேட வேண்டும்.

திசை தேடும்போது காந்த ஊசி உங்களை இரண்டு விதத்தில் ஏமாற்றும். ஒன்று, டிரெய்லரின் இரும்பு. வண்டிக்கு அருகில் நின்று போனிலோ திசைகாட்டியிலோ பார்த்தால் ஊசி தள்ளிப் போகும், பத்துப் பதினைந்து அடி விலகி நின்று பாருங்கள். இரண்டு, காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. ஹூஸ்டனில் வித்தியாசம் சொற்பம், அதனால் வீட்டில் பழகும்போது தெரியாது. சியாட்டிலில் ஊசி சுமார் 15 டிகிரி கிழக்கே விலகி நிற்கும், அக்கேடியாவில் ஏறத்தாழ அதே அளவு மேற்கே. ஒரு 18 அங்குல டிஷ்ஷின் கற்றை அகலம் மூன்று நான்கு டிகிரிதான், 15 டிகிரி தவறினால் சிக்னலின் வாசனைகூட வராது. உங்களுக்குக் கிடைத்த எண் காந்தக் கணக்கா, உண்மைக் கணக்கா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போன் செயலிகள் பெரும்பாலும் இந்தத் திருத்தத்தைத் தாமே செய்துவிடும்.

இன்னொரு கண்கட்டு வித்தை. இந்த டிஷ்கள் எல்லாமே ஆஃப்செட் வகை. முகம் பார்க்கும் திசையிலிருந்து கற்றை வாங்கும் திசை 20 டிகிரிக்கும் மேல் உயர்ந்திருக்கும். டிஷ் நேராக எதிரில் இருக்கும் புதரைப் பார்ப்பதுபோலத் தெரிந்தாலும் உண்மையில் அது வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணால் பார்த்துச் சரிசெய்யப் போகாதீர்கள், அளவுகோலை நம்புங்கள்.

எண்கள் வைத்தாயிற்று என்றால், கணக்கிட்ட திசைக்குச் சற்று முன்னாலிருந்து டிஷ்ஷை ஒரு டிகிரி அளவு திருப்பி, சில நொடிகள் நின்று, டி.வி. திரையில் சிக்னல் அளவைக் காட்டும் மீட்டரைப் பார்த்து, மறுபடி ஒரு டிகிரி திருப்புங்கள். ரிசீவர் சிக்னலைப் புரிந்துகொள்ள நேரம் எடுக்கும். சரசரவென்று திருப்பினால் சாட்டிலைட்டைத் தாண்டிப் போய்விட்டதுகூடத் தெரியாது. மீட்டர் ஏறினால் மட்டும் போதாது, பக்கத்து சாட்டிலைட்டைப் பிடித்தாலும் ஏறும். திரையில் நீங்கள் தேடும் எண்ணோடு பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள். பூட்டியதும் இடமும் வலமுமாகச் சிக்னல் குறையும் இரண்டு விளிம்புகளையும் கண்டு, நடுவில் நிறுத்தி, திருகாணியை இறுக்குங்கள். இறுக்கும்போது டிஷ் லேசாக நகரும், கடைசியாக ஒருமுறை மீட்டரைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். வெளியே ஒருவர், உள்ளே டி.வி. முன்னால் ஒருவர், இருவர் கையிலும் போன் என்பதே எளிய வழி. தம்பதிகளாக இதைச் செய்யும்போது குரல் உயர்வதுண்டு, மாமனாரை மீட்டர் முன்னால் உட்கார வைப்பது உத்தமம்.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய டிரெய்லர்களில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பங்கு அங்கேதான். வேண்டியது ஆர்.ஜி.-6 எனப்படும் 75 ஓம் கோஆக்ஸ் கேபிள். அதில் சிக்னல் டிஷ்ஷிலிருந்து உள்ளே வருகிறது, அதே நேரத்தில் எல்.என்.பி.க்கான மின்சாரம் ரிசீவரிலிருந்து வெளியே போகிறது. டோம் என்றால் பல மாடல்களில் மோட்டாருக்கான மின்சாரமும் அதே கேபிளில்தான். இரும்புக் கம்பிக்குச் செம்பு பூசிய மலிவுக் கேபிளில் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்து, டோம் பாதித் தேடலில் நின்றுவிடலாம். நடுக்கம்பி முழுச் செம்பாக இருக்கும் கேபிளாக, 50 அடிக்குள் வைத்துக்கொண்டால் தொல்லை குறைவு. முனைகளைச் செருகுவதற்கு முன்னால் ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், கேபிளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது முனைகள் உரசினால் ஷார்ட் ஆகும்.

டிரெய்லரின் பக்கவாட்டில் கேபிள் செருகும் மூடி ஒன்றோ இரண்டோ இருக்கும், ஒன்று கேம்ப்கிரவுண்ட் கேபிள் டி.வி.க்கு, இன்னொன்று சாட்டிலைட்டுக்கு. தவறான துளையில் செருகினால் அந்த வழி கூரை ஆன்டெனாவின் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் சுவிட்ச் வழியாகவோ, அதைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வழியாகவோ போகும். சாதாரண ஸ்பிளிட்டரையும் பூஸ்டரையும் தாண்டி சாட்டிலைட் சிக்னலும் மின்சாரமும் ஒழுங்காகப் போகாது. பழைய வண்டிகளில் சுவருக்குள் ஓடுவது மெலிந்த ஆர்.ஜி.-59 கேபிளாகக்கூட இருக்கலாம். உங்கள் வண்டியின் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது: டிரெய்லரின் வயரிங்கைத் தொடாமல், டிஷ்ஷிலிருந்து ஜன்னல் வழியாக ஒரே கேபிளை நேராக ரிசீவரில் செருகுங்கள். படம் வந்தால் கோளாறு சுவருக்குள். வராவிட்டால் டிஷ், வானம், ரிசீவர் மூன்றில் ஒன்று. சிலர் அந்த ஜன்னல் வழிக் கேபிளிலேயே பல வருடம் ஓட்டுகிறார்கள், தவறில்லை.

மின்சாரம் பெரிய பிரச்சினை அல்ல. டி.வி. 40 வாட், ரிசீவர் 20 வாட் என்று வைத்துக்கொண்டால் நான்கு மணி நேரத்துக்கு 240 வாட்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் 20 ஆம்பியர்-மணி, இன்வர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதிக்குமேல் இறக்காமல் இருப்பது நல்லது என்பதால், ஒரு மாலைக்குத் தாராளமாகப் போதும். உங்கள் சாதனங்களின் பின்னால் எழுதியிருக்கும் வாட் எண்ணைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். நீண்ட நாள் அணைத்து வைத்திருந்த ரிசீவரைப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே வீட்டில் இணைத்துவிடுங்கள். மென்பொருளும் நிகழ்ச்சிப் பட்டியலும் இறங்க வேண்டும், சில சமயம் சந்தா அனுமதியை நிறுவனத்திடம் மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

சிக்னல் பிரமாதமாக இருந்தும் ஹூஸ்டன் உள்ளூர்ச் செய்தி சியாட்டிலில் வராது, அது கோளாறு அல்ல. தேசிய சேனல்கள் நாடு முழுவதும் பரவும் கற்றையில் வருகின்றன. உள்ளூர் நிலையங்கள் அந்தப் பகுதியை மட்டும் குறிவைக்கும் சிறு கற்றையில் வருகின்றன, அந்த வட்டத்தைத் தாண்டினால் மறைந்துவிடும். இதற்கு வழி, சேவை முகவரியை நீங்கள் இருக்கும் ஊருக்கு மாற்றச் சொல்லி நிறுவனத்தைக் கேட்பது. இன்னொரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2019-இல் இயற்றப்பட்ட சாட்டிலைட் டெலிவிஷன் கம்யூனிட்டி புரொடெக்‌ஷன் அண்ட் புரொமோஷன் ஆக்ட், ஏ.பி.சி., சி.பி.எஸ். போன்ற நெட்வொர்க்குகளின் வெளியூர் நிலையங்களை சாட்டிலைட்டில் கொடுக்கும் சலுகையைப் பலருக்கும் நிறுத்தியது. ஆனால் ஆர்.வி.களுக்கும் சரக்கு லாரிகளுக்கும் அதை விட்டுவைத்தது. வண்டிப் பதிவின் நகலையும் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் கொடுக்க வேண்டும். சட்டம் அனுமதிப்பது வேறு, நிறுவனம் அந்த வெளியூர் நிலையத் தொகுப்பை இன்று விற்பது வேறு. சந்தா எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். மாதாமாதம் நிறுத்தி மறுபடி தொடங்கும் சந்தா உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், வருடத்தில் இரண்டு மாதம் பயணம் போகிறவருக்கு அதுதான் லாபம்.

வானிலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கனமழை மேகம் தென்பக்க வானத்தில் இருந்தால் படம் போகும், கடந்ததும் வரும். காலையில் டோமின் மேல் பனித்துளி படிந்து சிக்னல் குறைந்தால் துணியால் துடைத்துவிடுங்கள். மார்ச்சிலும் அக்டோபரிலும் சில நாட்கள் பகலில் சில நிமிடம் படம் காணாமல் போகும். அப்போது சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வருகிறது. டிஷ்ஷைத் தொடாமல் காபி குடித்துவிட்டு வந்தால் படம் திரும்பியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. மாமனார் மாமியார் பார்க்க விரும்புவது தமிழ் சேனல்கள் என்றால், அவை உங்கள் சந்தாவில் உண்டா, உண்டென்றால் உங்கள் டோம் தேடுகிற சாட்டிலைட்டிலேயே வருகின்றனவா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் எவ்வளவு நல்ல டிஷ் வாங்கியும் பயனில்லை, இணையம் வழிதான் அவர்களுக்கு ஏற்றது. போன் சிக்னல் உள்ள இடங்களில் ஹாட்ஸ்பாட் போதும். சாட்டிலைட் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் வைத்துக்கொள்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். அந்தச் சாட்டிலைட்டுகள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் நகர்ந்துகொண்டே இருப்பவை, அதனால் ஒரு புள்ளி தெரிந்தால் போதாது, அகன்ற வானமே வேண்டும். மரக்கூட்டத்துக்குள் அதுவும் விட்டுவிட்டுத்தான் வரும், மின்சாரமும் கூடுதலாகக் குடிக்கும். ஊருக்குப் பக்கத்தில் நிற்கும்போது கூரை ஆன்டெனாவில் இலவசமாக வரும் உள்ளூர் நிலையங்களையும் மறக்க வேண்டாம், அவற்றுக்குத் தென்வானம் தேவையில்லை.

ஆகவே இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். டோமையும் ரிசீவரையும் எடுத்துக்கொண்டு, சுற்றிலும் மரமே இல்லாத பெரிய பார்க்கிங் இடம் ஒன்றுக்குப் போய், குட்டையான புதுக் கேபிள் ஒன்றால் நேராக இணைத்துப் பாருங்கள். பிடித்தால் டோம் நல்லது, அந்த முதல் கேம்ப்கிரவுண்டில் தென்மேற்கே என்ன நின்றது என்று யோசித்துப் பாருங்கள். பிறகு அங்கேயே டிரெய்லரின் சாட்டிலைட் துளை வழியாகவும் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். சியாட்டில் பயணத்துக்கு இந்த டோமே போதும். அக்கேடியாவுக்கு அது கிழக்கு வளைவுக்கு மாறாத மாடல் என்று தெரிந்தால் மட்டும், மாறக்கூடிய டோம் ஒன்றையோ கிழக்கு வளைவுக்கான முக்காலி டிஷ் ஒன்றையோ தேடுங்கள். டோமின் மாடல் பெயரையும், திறந்தவெளியில் என்ன நடந்தது என்பதையும் எழுதினால் மேற்கொண்டு பார்க்கலாம்.